கூன் நிமிர ஆன்லைன் வகுப்பு: 170 செ.மீ.க்கு அரை செ.மீ. இடிக்குது, சேரலாமா?

வைகைக்கரை22 | திங்கள், இரவு 11:40

வணக்கம். வயசு 22, ஊரு மதுரைப் பக்கம். டிகிரி முடிச்சு ரெண்டு வருஷமா போலீஸ் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறேன். காலைல லைப்ரரியில உக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிப்பேன். ராத்திரி படுத்துக்கிட்டே போன்ல மாடல் டெஸ்ட். இப்ப கழுத்து முன்னாடி நீட்டிக்கிட்டு, தோள் ரெண்டும் உள்ள வளைஞ்சு கெடக்கு. "என்னடா கெழவன் மாதிரி நடக்குற"ன்னு அப்பத்தா கேக்குது. எண்பது வயசுல அது நேரா நடக்குது.

விஷயம் இதுதான். பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பிரிவுங்கறதால எனக்கு 170 செ.மீ. உயரம் வேணும். போன வாரம் ஜிம்ல அளந்தா 169.4. அன்னைல இருந்து தூக்கம் இல்ல. எந்தச் செயலியைத் திறந்தாலும் ஒரே விளம்பரம் வருது: 8 வாரத்துல கூன் நிமிரும், 2 அங்குலம் உயரம் கூடும், வீட்ல இருந்தே ஆன்லைன்ல பயிற்சி, 3,499 ரூபாய். அதுல ஒரு பையனோட முந்தைய போட்டோவும் பிந்தைய போட்டோவும் போட்டிருக்காங்க. பாத்தா நம்பத்தான் தோணுது. யாராச்சும் சேந்திருக்கீங்களா?

ஓஎம்ஆர்வாசி | திங்கள், இரவு 11:58

தம்பி, அந்தப் பணத்தை அப்படியே வச்சிரு. இதே மாதிரி ஒண்ணுல (பேர் வேண்டாம், வழக்கு போட்டுடுவானுங்க) நான் 6 மாசம் சந்தா கட்டினேன். "வழிகாட்டும் பயிற்சி"ன்னு சொல்றாங்களே, வழிகாட்டறது யாருன்னா, முன்னாடியே எடுத்து வச்ச வீடியோவுல வர்ற ஒரு வெள்ளைக்காரர். நான் என்ன பண்றேன்னு அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

தாடையை உள்ள இழுக்கற பயிற்சியை மூணு மாசம் தப்பாப் பண்ணியிருக்கேன். தாடையை நெஞ்சுல ஒட்டற மாதிரி கீழ குனிஞ்சுட்டு இருந்தேன். தலை கீழ போகக்கூடாது, மட்டமா பின்னாடி போகணும். அதைச் சொன்னதும் வீடியோ இல்ல, எங்க ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன். அவர் முன்னாள் ராணுவம். "சார், என்ன கோழி தீனி பொறுக்குற மாதிரி பண்றீங்க"ன்னார்.

கர்லாக்கட்டை | செவ்வாய், காலை 5:20

எல்லாத்துக்கும் ஆன்லைன்தானா? மதுரையில கர்லாக்கட்டை சுத்தச் சொல்லித்தர வாத்தியார் இல்லாமலா போயிட்டாங்க? ஒரு மண்டலம் சுத்து. தோள் தானா விரியும். நம்ம பாட்டன்மாரு எவனும் போஸ்சர் வகுப்புக்குப் போகல.

ஓஎம்ஆர்வாசி | செவ்வாய், காலை 8:05

பாட்டன் மாடல் டெஸ்ட்டும் எழுதலையே அண்ணே.

பிசியோநெல்லை | செவ்வாய், மதியம் 2:15

தம்பி வைகைக்கரை, நான் பிசியோதெரபிஸ்ட். நேரிலும் பார்க்கிறேன், வீடியோ அழைப்பிலும் பார்க்கிறேன். அதனால் ஆன்லைன் என்றாலே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு அங்குலம் என்று விளம்பரம் போடுகிறவர்களிடம் போகாதே. 22 வயதில் கால் எலும்பு நீள்வதெல்லாம் முடிந்த கதை. எந்த உடற்பயிற்சியும் எலும்பை நீட்டாது.

சரி, உன்னை எத்தனை மணிக்கு அளந்தார்கள்? சாயங்காலம்தானே? முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் ராத்திரி படுத்திருக்கும்போது நீரை இழுத்து உப்பும். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் உடம்பின் எடையில் அமுங்கும். காலைக்கும் மாலைக்கும் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. வரை வித்தியாசம் வருவது சகஜம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அதில் பெரும்பங்கு குறைந்துவிடும். நாளைக்கு எழுந்த உடனே அளந்து பார்.

கூன் விஷயம் வேறு. அது எந்த வகை என்று தெரியாமல் யாருமே பயிற்சி சொல்லக்கூடாது. வீட்டிலேயே மூன்று சோதனை செய்யலாம். தலையணை இல்லாமல் தரையில் மல்லாக்கப் படு. முகவாய் மேலே தூக்காமல் பின்னந்தலை தரையைத் தொடுகிறதா, முதுகு தரையோடு படிகிறதா என்று பார். அடுத்து சுவரில் குதிகால், புட்டம், முதுகு ஒட்டி நின்று, பின்னந்தலை சுவரைத் தொடுகிறதா பார். மூன்றாவதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டு, கைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டு மெதுவாகக் குனி. பின்னால் இருந்து பார்ப்பவருக்கு விலாப் பக்கம் ஒன்று மட்டும் உயர்ந்து தெரிந்தால் முதுகு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் அந்த வளைவு 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்போம்.

குனியும்போது நடுமுதுகு சட்டென்று கூம்பி நிற்கிறது, படுத்தாலும் படியவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பார். வளரும் வயதில் முதுகெலும்புகள் சிலவற்றின் முன்பக்கம் குட்டையாகி ஆப்பு வடிவத்துக்குப் போய்விடுவது உண்டு. அதற்கு ஷாயர்மான் நோய் என்று பெயர். அங்கே பயிற்சி வலியைக் குறைக்கும், எலும்பின் வடிவத்தை மாற்றாது.

கையில் மரமரப்பு, பிடி தளர்வது, தூக்கத்திலிருந்து எழுப்பும் ராத்திரி வலி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது: இதில் ஒன்று இருந்தாலும் ஆன்லைன் வகுப்பை மறந்துவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போ.

சந்தேகப்பிராணி | செவ்வாய், இரவு 9:30

ஒரு கேள்வியைத் தவிர்த்துவிட்டு எல்லோரும் பயிற்சிக்குப் போய்விட்டோம். கூனினால் கெடுதல் என்பதற்கு என்ன ஆதாரம்?

"தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது 2014-ல் நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணினி மாதிரியில் போட்ட கணக்கு. எவர் கழுத்திலும் கருவி வைத்து அளந்ததல்ல. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் பிறப்பிலிருந்தே ஒரு பெரிய கூட்டத்தைப் பின்தொடரும் ஆய்வு இருக்கிறது. அதில் 17 வயதுக்காரர்கள் 1,108 பேரின் கழுத்து நிலையைப் படமெடுத்து வகை பிரித்து 2016-ல் வெளியிட்டார்கள். கூன் போட்டவர்களுக்கும் நிமிர்ந்தவர்களுக்கும் கழுத்து வலியிலோ தலைவலியிலோ வித்தியாசம் இல்லை. மனச்சோர்வுதான் கூன் போட்டவர்களிடம் அதிகம் தென்பட்டது. "நேரா உட்கார்" என்று உபதேசம் செய்வதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று 2019-ல் பிசியோதெரபிஸ்டுகளே எழுதினார்கள். சரியான இருக்கை நிலை என்று ஒன்றே ஒன்று இல்லை என்பதுதான் அதன் சாரம்.

ஆகவே தம்பிக்கு வலி இல்லையென்றால் மருந்தும் தேவையில்லை.

பிசியோநெல்லை | செவ்வாய், இரவு 10:10

நீங்கள் சொன்ன ஆய்வுகள் சரி. நானும் என்னிடம் வருகிறவர்களிடம் "நிமிர்ந்து உட்கார்" என்று சொல்வதை விட்டுப் பல வருடம் ஆகிறது. விறைப்பாக உட்கார்ந்தவனுக்குக் கால் மணி நேரத்தில் அதுவே வலிக்கும். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பதின்வயதினரில் தொடர்பு தெரியவில்லை, சரி. வயது வந்தவர்களில் கழுத்து வலி உள்ளவர்களுக்குத் தலை முன்தள்ளல் கூடுதலாகக் காணப்படுகிறது என்று 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொன்னார்கள். எது காரணம், எது விளைவு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அவ்வளவுதான்.

அதோடு இந்தத் தம்பி கேட்டது வலியைப் பற்றி இல்லை. அளவுகோலுக்குக் கீழே நேராக நிற்க முடியுமா என்றுதான் கேட்கிறான். அது கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம்.

மொட்டைமாடி | புதன், காலை 6:50

நான் ஒரு ஆன்லைன் வகுப்புல சேந்து முடிச்சேன், அதனால சொல்றேன். எனக்கு 24 வயசு.

எட்டாங்கிளாஸ்ல இருந்தே கூன். காரணம் போன் இல்ல. வகுப்புலயே நான்தான் உயரம். அது போதாதுன்னு உடம்பு வேற சீக்கிரமே வளந்துடுச்சு. நிமிந்து நடந்தா வீட்ல ஒரு பார்வை, தெருவுல ஒரு பார்வை. துப்பட்டாவுக்குள்ள தோளை மடிச்சு மடிச்சு அப்படியே நின்னுடுச்சு. "குனிஞ்ச தலை நிமிராத பொண்ணு"ன்னு பாராட்டி வளத்துட்டு, கல்யாணத்துக்குப் பாக்கும்போது "ஏன் கூன் போடுற"ன்னு கேட்டாங்க.

எங்க வகுப்புல ஆறு பேர்தான், எல்லாரும் பொண்ணுங்க, டீச்சரும் பொண்ணு. வாரம் மூணு நாள் நேரலை. கேமராவை அணைக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிட்டாங்க. வீட்ல இருக்கறது ஒரே ஹாலு, அப்பா நியூஸ் பாப்பார். அதனால விடிகாலைல அஞ்சரைக்கு மொட்டை மாடி. தண்ணி டேங்க் திட்டுல போனைச் சாய்ச்சு வச்சு, நேரா இல்ல, பக்கவாட்டுல தெரியற மாதிரி நிப்பேன். தொளதொள சுடிதார் வேண்டாம், ஒட்டின டிசர்ட் போடுங்கன்னாங்க. அதுக்கே எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

மொத நாள் "நிமிந்து நில்லுங்க"ன்னாங்க. நின்னேன். "நீங்க நிமிரல, நெஞ்சைத் தூக்கி இடுப்பை ஒடிச்சு நிக்கிறீங்க, கீழ் விலா துருத்துது பாருங்க"ன்னாங்க. ரெக்கார்டைப் பாத்தா உண்மைதான். வளைவை முதுகுல இருந்து எடுத்து இடுப்புல வச்சிருக்கேன்! வீடியோவைப் பாத்து நானா செஞ்சிருந்தா இதையே ஆறு மாசம் செஞ்சு இடுப்பு வலியோட வந்திருப்பேன். அந்த ஒரு கண்ணுக்குத்தான் காசு குடுத்தேன்னு நெனச்சுக்குவேன்.

ஓஎம்ஆர்வாசி | புதன், காலை 9:12

இதத்தான் நானும் சொல்ல வந்தேன், இவ்வளவு தெளிவா வரல.

கோண்டாவில் | புதன், முற்பகல் 11:30

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். நாங்கள் கம்பஸில கதிரையில இருந்து இருந்தே முதுகு வளைஞ்ச ஆக்கள். என்ர சிநேகிதன் ஒருத்தன் தோளை இழுத்துப் பிடிக்கிற பெல்ட் ஒண்டு வாங்கிப் போட்டவன். அது சரிவருமோ அக்கா?

பிசியோநெல்லை | புதன், மதியம் 1:40

போட்டிருக்கும் வரை இழுத்துப் பிடிக்கும், கழற்றினால் பழையபடிதான். செய்ய வேண்டிய வேலையைப் பெல்ட் செய்துவிடுவதால் தசைக்கு வேலை இல்லை. குனிவதை நினைவூட்டும் மணி மாதிரி தினம் அரை மணி நேரம் போட்டால் கெடுதல் இல்லை. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வைகைக்கரை22 | புதன், இரவு 10:25

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குக் காலைல எந்திரிச்ச உடனே பக்கத்து வீட்டு அண்ணனை வச்சு செவுத்துல கோடு போட்டு அளந்தேன். 170.2! சாயங்காலம் திரும்ப அளந்தா அதே 169.4. அக்கா சொன்னது அப்படியே நடக்குது.

படுத்தா தலையும் முதுகும் தரையில படியுது. செவுத்துல நின்னா பின்னந்தலை தொடல, ரெண்டு விரக்கடை இடைவெளி. குனிஞ்சா ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்குன்னு அண்ணன் சொல்றார். மரமரப்பு எதுவும் இல்ல. சாயங்காலம் பிடரி இறுகும், அவ்வளவுதான். நெஞ்சளவு 82. மூச்சை இழுத்தா நாலரைதான் விரியுது, அஞ்சு வேணும். இதையும் சேத்து சொல்லுங்கக்கா.

பிசியோநெல்லை | வியாழன், மதியம் 2:30

படுத்தால் படிகிறது, நின்றால் படியவில்லை என்றால் எலும்பில் பிரச்சினை இருக்க வாய்ப்புக் குறைவு. நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளுக்குத் தெம்பு பத்தவில்லை, முன்பக்கம் இறுகியிருக்கிறது. செக் நாட்டு மருத்துவர் விளாடிமிர் யாண்டா இதைக் குறுக்கு மாறுக்காக விளக்கினார். மார்புத் தசையும் பிடரித் தசையும் இறுகும், கழுத்தின் முன் ஆழத்தில் இருக்கும் தசையும் தோள்பட்டைக்குக் கீழ்ப்புறத் தசைகளும் தளரும். எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது, ஆனால் எங்கே தொடங்குவது என்று அது காட்டும்.

பொதுவாகத்தான் சொல்கிறேன், நேரில் பார்த்ததற்கு ஈடாகாது. மல்லாக்கப் படுத்து, தலையைத் தூக்காமல் மெல்ல "ஆமாம்" என்று ஆட்டுவது போல் முகவாயை உள்ளே கொண்டு போய் 10 விநாடி வை. பத்து முறை செய். தொண்டையின் இரண்டு பக்கமும் கயிறு போல் புடைத்தால் அதிகமாக முக்குகிறாய் என்று அர்த்தம். அடுத்து குப்புறப் படு. கைகள் உடம்போடு, கட்டைவிரல் மேலே பார்க்கட்டும், பார்வை தரையில். நெஞ்சை நாலு விரல் மட்டும் தூக்கு. கழுத்தை அண்ணாந்தால் கணக்கில் வராது. துண்டைச் சுருட்டி தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனை மட்டத்தில் குறுக்காக வைத்துப் படுத்து, கைகளைத் தலைக்கு மேல் போட்டு ஒரு நிமிடம் ஆழமாக மூச்சு விடு. உன் நாலரைக்கு இது உதவும், மேல்முதுகு வளைந்தே இருந்தால் விலா எப்படி விரியும்?

ரப்பர் பேண்ட் ஒன்று வாங்கு. ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவை ஒட்டிப் பின்னால் இழு. 12 முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு கஷ்டமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த நிறம், அது இன்னும் இறுக்கமாக இருக்கும். எத்தனையோ பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். லேசான மஞ்சள் பேண்டையே ஒரு வருடம் இழுத்துவிட்டுப் பலன் இல்லை என்பார்கள். வாரம் மூன்று நாள் இது. ஓட்டமும் கயிறு ஏறுவதும் எப்படியும் செய்வாய்.

வகுப்பில் சேர்வதானால் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள்: நேரலையா, பதிவா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? சொல்லித் தருபவர் என்ன படித்தவர்? தொடங்கும் முன் உன்னைப் பரிசோதிப்பார்களா, வாரா வாரம் சுமையைக் கூட்டுவார்களா? கடைசிக் கேள்விக்கு விழிப்பவரிடம் காசு கட்டாதே.

போட்டோவை நம்பாதே. முந்தைய படத்தில் தொப்பையைத் தள்ளி நிற்பார்கள், பிந்தைய படத்தில் மூச்சை இழுத்து நிற்பார்கள். இரண்டையும் ஒரே நாளில் எடுக்கலாம். உனக்காக எடுப்பதானால் போனைத் தோள் உயரத்தில், இரண்டு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் வை. கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் துருத்தும் எலும்பில் ஒரு பொட்டு ஒட்டிக்கொள். அங்கிருந்து காதுத் துவாரத்துக்கு ஒரு கோடு போட்டால் அது கிடைமட்டத்தோடு செய்யும் கோணம்தான் நாங்கள் பார்ப்பது. 50 டிகிரிக்குக் கீழே போனால் தலை முன்தள்ளி இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வோம்.

கர்லாக்கட்டை | வியாழன், மாலை 6:00

ஸ்டிக்கர் பொட்டை முதுகுல ஒட்டிக்கிட்டு எஸ்.ஐ. ஆகப் போறான். காலம்டா சாமி. அக்கா, கர்லாக்கட்டையைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?

பிசியோநெல்லை | வியாழன், மாலை 6:45

நல்ல பயிற்சி அண்ணா. தோள் முழு வட்டத்துக்கும் சுற்றும், முதுகுக்கும் வேலை. லேசான கட்டையில், வாத்தியார் கண்முன் தொடங்கட்டும். இதையும் வீடியோ பார்த்துச் செய்து தோள் பிடித்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

சந்தேகப்பிராணி | வியாழன், இரவு 8:20

நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். டென்மார்க்கில் கழுத்து, தோள் வலியுள்ள 198 அலுவலக ஊழியர்களைப் பிரித்து, ஒரு சாராருக்கு நாளுக்கு 2 நிமிடம், இன்னொரு சாராருக்கு 12 நிமிடம் என்று ரப்பர் குழாய்ப் பயிற்சி கொடுத்தார்கள். 10 வாரம், வாரம் 5 நாள். மூன்றாம் சாராருக்குப் பயிற்சி இல்லை. 2011-ல் வந்த முடிவுப்படி 2 நிமிடக்காரர்களுக்கும் வலி குறைந்தது. கவனியுங்கள், அளந்தது வலியை, கூனை அல்ல. இருந்தாலும் நானும் ஒரு பேண்ட் வாங்கியிருக்கிறேன். யாரும் சிரிக்க வேண்டாம்.

மொட்டைமாடி | வியாழன், இரவு 8:24

சிரிச்சாச்சு.

வைகைக்கரை22 | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

அப்டேட். விளம்பரத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். நேரலை இல்ல, 60 வீடியோ, "சந்தேகம் இருந்தா சாட்ல கேளுங்க"ன்னாங்க. வச்சிட்டேன். மொட்டைமாடி அக்கா அவங்க டீச்சர் மூலமா பசங்களுக்கு எடுக்கற ஒரு பிசியோ சாரைக் கேட்டுச் சொன்னாங்க. மாசம் 1,200, எட்டுப் பேர், சாயங்காலம் ஏழு மணி. ஒரு வாரம் நெட் சொதப்பி ரெண்டு வகுப்பு போச்சு. படத்தை எடுத்து அனுப்பு, பாத்துச் சொல்றேன்னார். லைப்ரரியில முக்கால் மணிக்கு ஒருதரம் எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போறேன். அதுக்கு மேல நேரா உக்காரணும்னு பிடிவாதம் பிடிக்காதன்னு சொல்லியிருக்கார்.

பத்து நாளா மேல்முதுகு செம வலி. நிறுத்திடலாமா?

பிசியோநெல்லை | ஞாயிறு, இரவு 9:00

பயிற்சி செய்த மறுநாள் தசை கடுத்து இரண்டு நாளில் தணிந்தால் செய்துகொண்டே இரு. ஒரே இடத்தில் குத்தினாலோ கைக்கு இறங்கினாலோ நிறுத்திவிட்டு உன் பிசியோவிடம் அன்றே சொல்.

வைகைக்கரை22 | பதினோராம் வாரம், சனி

கடுப்பு தணிஞ்சிருச்சு அக்கா, ஒரு வகுப்பும் விடல. மஞ்சள்ல ஆரம்பிச்சு இப்ப பச்சை பேண்ட். செவுத்துல நின்னா பின்னந்தலை சும்மாவே தொடுது. சாயங்காலப் பிடரி இறுக்கம் அநேகமா இல்ல. நெஞ்சு 82-தான், ஆனா விரிச்சா ஆறு வருது.

உயரம்: காலைல 170.6, சாயங்காலம் 169.8.

சந்தேகப்பிராணி | சனி, மாலை 5:10

சுவரில் கோடு போட்டு அளக்கும்போது நாலு மில்லிமீட்டர் என்பது பென்சிலின் சாய்விலேயே வந்துவிடும். வாழ்த்துகள், ஆனால் கொண்டாட வேண்டாம்.

பிசியோநெல்லை | சனி, மாலை 5:40

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வளர்ந்தது எலும்பு இல்லை, நீ நிற்கக் கற்றுக்கொண்டாய். ஆனால் சாயங்கால அளவும் சேர்ந்து ஏறியிருக்கிறது, அதைத்தான் பார்த்தேன். அளக்கும்போது குதிகாலைத் தூக்காதே, முகவாயைத் தூக்காதே. முகவாய் தூக்கினால் உச்சந்தலை பின்னால் போய் உயரம் குறையும். பலபேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஓஎம்ஆர்வாசி | சனி, மாலை 6:30

அளவெடுக்கற அன்னைக்கு விடிய விடிய பஸ்ல உக்காந்து போய் இறங்காத. முந்தின நாளே போய், நீட்டிப் படுத்துத் தூங்கு. காலைல மைதானத்துல மொத ஆளா நில்லு.

வைகைக்கரை22 | சனி, இரவு 10:15

அந்தக் கவலை இல்லண்ணா. ஆயுதப்படை மைதானத்துக்கு ரெண்டு தெரு தள்ளி சித்தி வீடு. ஹால்ல பாய் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டாங்க. அப்பத்தாவும் கூட வருதாம். இன்னமும் கெழவன்னுதான் கூப்புடுது.